கருப்பட்டி விற்க ஓர் ஆய்வு: யாரிடம், எதை, எப்படிக் கேட்பது?

"ஒரு சர்வே எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டுத்தான் பெரும்பாலும் வேலை வரும். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கம்பெனிகளுக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் சந்தை ஆய்வுக்கான களவேலை செய்து கொடுப்பது என் பிழைப்பு. சோப்பு, மசாலா, மாட்டுத் தீவனம் என்று எதற்கெல்லாமோ வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். கேட்டு வருகிறவர்களுக்கு சர்வே என்றால் ஒரே படம்தான்: முப்பது கேள்வி, நானூறு வீடு, கடைசியில் கலர் கலராக ஒரு வட்டப்படம். அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இங்கே நான் சொல்லப்போவது ஒரு கருப்பட்டி வேலையைப் பற்றி. திசையன்விளைப் பக்கம் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிற ஓர் அண்ணாச்சி. வட்டுக் கருப்பட்டியைப் பொடித்து, தூளாக அரைக் கிலோ பாக்கெட்டில் போட்டு, திருநெல்வேலி, பாளையங்கோட்டை வீடுகளில் விற்க வேண்டும் என்பது அவர் திட்டம். பொடிக்கிற மெஷினும் பேக்கிங் மெஷினும் பார்த்து வைத்திருந்தார். "ஜனங்களுக்குப் பிடிக்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா" என்றார்.

நான் முதலில் கேட்டது ஒன்றுதான். "பிடிக்கலேன்னு வந்தா மெஷின் வாங்காம இருப்பீங்களா, அண்ணாச்சி?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அட்வான்ஸ் குடுத்தாச்சே" என்றார்.

சரி, அப்படியென்றால் 'பிடிக்குமா' என்ற கேள்வியே வேண்டாம். அதற்கு வருகிற பதில் எதுவானாலும் அவர் செய்யப்போவது மாறாது. மாறக்கூடியவை வேறு: யாருக்கு விற்பது, என்ன விலை, எந்த அளவு, எப்படிப்பட்ட பாக்கெட், எந்தக் கடை. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது யாருக்குத் தெரியும்?" என்று ஒரு கட்டம் போட்டோம். எனக்குத் தெரிந்தவரை முறையைத் தேர்ந்தெடுப்பது என்பது முக்கால்வாசி இந்தக் கட்டத்தை நிரப்புவதுதான். சிலது ஜனங்களுக்குத் தெரியும், கேட்டால் சொல்வார்கள். சிலது தெரியும், ஆனால் சொல்ல மாட்டார்கள். சிலது அவர்களுக்கே தெரியாது, போய்த்தான் பார்க்க வேண்டும். சிலது கடைக்காரருக்குத்தான் தெரியும். சிலது ஏற்கெனவே சர்க்கார் அச்சடித்து வைத்திருக்கிறது.

அச்சில் இருப்பதில் இருந்துதான் ஆரம்பித்தேன். செலவில்லாத வேலை, ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்டம் என்று எடுத்தால் சுமார் 30.77 லட்சம் பேர் என்று வரும். அது பழைய மாவட்டம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. சங்கரன்கோவில், கடையநல்லூர், செங்கோட்டை, ஆலங்குளம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. வெளியூர் ஏஜென்சிகள் அனுப்பும் அறிக்கைகளில் இன்றைக்கும் இந்த முப்பது லட்சத்தைப் பார்க்கிறேன். யாரும் சரிபார்ப்பதில்லை. தாலுகா வாரியாக எடுத்துக் கூட்டிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. அடுத்து, மத்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு. 2022-23-ல் தமிழ்நாட்டில் ஓர் ஆளின் சராசரி மாதச் செலவு கிராமத்தில் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். இது மாநிலம் முழுவதற்குமான சராசரி. எங்கள் ஊரிலேயே மேலப்பாளையத்துக்கும் தியாகராஜநகருக்கும் என்ன வித்தியாசம் என்பதை இது சொல்லாது. ஆனால் அரைக் கிலோ தூளுக்கு அண்ணாச்சி மனதில் வைத்திருந்த விலை, நாலு பேர் உள்ள குடும்பத்தின் செலவில் எங்கே போய் உட்காரும் என்று காட்டியது. அதைப் பார்த்துத்தான் கால் கிலோ பாக்கெட் என்ற பேச்சே வந்தது.

அடுத்தது கடை. இதை எல்லாரும் கடைசியில் வைப்பார்கள், நான் வீடுகளுக்குப் போகும் முன்பே வைத்தேன். மாதம் எவ்வளவு கருப்பட்டி போகிறது என்று கடைக்காரரிடம் வாய்மொழியாகக் கேட்டால், "நல்லா போகுது" அல்லது "முன்ன மாதிரி இல்ல" என்று இரண்டு பதில்தான் வரும். அதற்குப் பதிலாக ஒரு கணக்கு இருக்கிறது: மாதம் பிறக்கும்போது இருந்த சரக்கு, அதோடு அந்த மாதம் வாங்கியது, அதிலிருந்து மாதக் கடைசியில் மிச்சம் இருப்பதைக் கழித்தால் வித்தது வந்துவிடும். இதே கணக்கைத்தான் அமெரிக்காவில் ஏ.சி. நீல்சன் தொடங்கிய நிறுவனம் 1930-களில் மருந்துக் கடைகளிலும் பலசரக்குக் கடைகளிலும் வரிசையாக எடுத்து, அதையே ஒரு தொழிலாக்கியது. நம் ஊர்க் கடைகளில் பில் புத்தகம் ஒழுங்காக இருக்காது, ஆனால் பற்று நோட்டு கட்டாயம் இருக்கும். யார் வீட்டுக்கு என்றைக்கு என்ன போனது என்று அதில் இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நாலு மணிக்குள் போக வேண்டும். கடைக்காரர் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பார். காலையிலும் சாயங்காலமும் போனால் அடுத்த தடவை முகம் கொடுக்க மாட்டார். பற்று நோட்டில் பேர்களை நாங்கள் எழுதிக்கொள்வதில்லை, பொருளும் தேதியும் அளவும் மட்டும்தான். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடுத்த வீட்டுக் கடன் எவ்வளவு என்பதை வெளியே விட்ட கடைக்காரரிடம் அப்புறம் யார் சாமான் வாங்குவார்கள்?

அந்த நோட்டில்தான் இந்த வேலையின் முதல் நல்ல விஷயம் கிடைத்தது. பெரும்பாலான வீடுகளில் கருப்பட்டி மாதாமாதம் போகவில்லை. ஒரு வீட்டுக்கு நாலைந்து மாதம் ஒன்றுமே இல்லை, திடீரென்று ஒரே வாரத்தில் மூன்று கிலோ. கடைக்காரரிடம் கேட்டேன். "அந்த வீட்டுப் பிள்ளை சடங்கானால்லா" என்றார். உளுந்தங்களிக்கு வாங்கியிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் பிரசவம். மழைக்காலத்தில் சுக்குக் காப்பிக்குக் கால் கிலோ, அரைக் கிலோ என்று பரவலாகப் போயிருந்தது. ஆக, "ஒரு வீட்டுக்கு மாதம் இத்தனை கிராம்" என்ற சராசரியை எடுத்து, அதை வீடுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அண்ணாச்சி கையில் கொடுத்திருந்தால் அது வெறும் எண்தான். கேள்வித்தாளில் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. 'மாதம் எவ்வளவு வாங்குவீர்கள்' என்று கேட்டால் எல்லாரும் பணிவாக ஒரு அளவு சொல்லியிருப்பார்கள்.

கடையில் நின்று பார்ப்பதிலும் இரண்டு வகை இருக்கிறது. பலசரக்குக் கடையில் சாமான் சீட்டை நீட்டுகிறார்கள், கடைக்காரர் எடுத்துக் கட்டிக் கொடுக்கிறார். சீட்டில் 'கருப்பட்டி 1/2' என்றுதான் இருக்கும். எந்தக் கருப்பட்டி என்று முடிவு செய்வது கடைக்காரர். அங்கே வாங்க வந்தவரிடம் பிராண்டு பற்றிக் கேள்வி கேட்பது வீண். பெருமாள்புரம் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுகளில் கதை வேறு. அங்கே கையில் எடுத்துப் பார்க்கிறார்கள், திருப்பித் தேதி பார்க்கிறார்கள், சிலர் மூக்கருகே கொண்டுபோகிறார்கள், பாதிப் பேர் திரும்ப வைத்துவிடுகிறார்கள். திரும்ப வைத்தவரிடம், அந்த நிமிஷமே, "ஏங்க்கா வச்சுட்டீங்க?" என்று கேட்கிற ஒரு கேள்வி, வீட்டில் உட்கார வைத்துக் கேட்கும் முப்பது கேள்விக்குச் சமம். கடை முதலாளியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் செக்யூரிட்டி வந்து வெளியே போகச் சொல்வார்.

இனி வீடு. வீடு வீடாகப் போய் நேரில் கேட்பது செலவு பிடித்த முறை. ஆனால் எங்கள் பக்கம் அதை விட்டால் வேறு வழி இல்லாத இடங்கள் நிறைய. தெரியாத நம்பர் என்றால் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் ஓடிபி கேட்டுப் பணம் பறிக்கிறவர்கள் புண்ணியத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை. வாசலில் நின்று 'சர்வே' என்று சொன்னால், "என்னம்மா, ரேசன் கார்டுக்கா?" என்பார்கள். ரேஷனுக்கு என்று நினைத்துவிட்டால் வீட்டில் இருக்கிற வசதியெல்லாம் குறைந்துவிடும். அதனால் 'கருப்பட்டி பத்திக் கேட்க வந்திருக்கேன்' என்று பொருளின் பேரைச் சொல்லித்தான் தொடங்குவோம். பேர், போன் நம்பர், வருமானம் எதையும் முதலில் கேட்கக் கூடாது.

நேரம் பார்த்துப் போவது முறையில் ஒரு பாதி. மேலப்பாளையத்திலும் முக்கூடல், ஆலங்குளம் பக்கத்து ஊர்களிலும் பீடி சுற்றும் பெண்கள் உண்டு. மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலையும் தூளும் நூலுமாக உட்கார்ந்துவிட்டால் கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் எழுந்து வரச் சொன்னால் வர மாட்டார்கள். நாம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் பேசுவார்கள். நீண்ட, நிதானமான பேட்டிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் பீடிக்கடைக்குக் கொண்டுபோய்ப் போடுகிற நேரத்தில் போய்விடக் கூடாது. எண்ணிக் கட்டுகிற அவசரத்தில் நீங்கள் கேட்பது காதில் விழாது. வேலைக்குப் போகிற பெண்களை ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மேல் பார்க்கலாம். மற்ற நாள் பகலில் பெருமாள்புரத்தில் மணி அடித்தால் கதவைத் திறப்பவர் பெரும்பாலும் ஆச்சியாகத்தான் இருப்பார். அவர் பதிலை மட்டும் சேர்த்துக்கொண்டு வந்தால், தூள் கருப்பட்டியே வேண்டாம் என்றுதான் முடிவு வரும்.

அளவு கேட்கும்போது ஞாபகத்தை நம்பாதீர்கள். அந்த வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை நடத்துகிற தேசிய மாதிரி ஆய்வுக்காரர்களே இதில் பல காலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1999-2000 சுற்றில் உணவுப் பொருட்களுக்கு 7 நாள் கணக்கையும் 30 நாள் கணக்கையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் கேட்டுவிட, ஒன்றைப் பார்த்து மற்றதைச் சரிசெய்து சொல்லிவிட்டார்கள் என்று பொருளாதார அறிஞர்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. 2022-23-ல் கேள்வித்தாளை மூன்றாகப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போனார்கள். சின்ன வேலையில் நமக்கு அந்த வசதி கிடையாது. நாங்கள் செய்வது எளிது: "டப்பாவை ஒரு தடவை பாக்கலாமா, அக்கா?" கருப்பட்டி டப்பாவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எறும்பு ஏறியிருக்கிறதா, இளகிப் போய் ஒட்டியிருக்கிறதா, எதில் சுற்றி வைத்திருக்கிறார்கள் எல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். சில வீடுகளில் தினசரிக் காலண்டரில் ஒரு பேனாவைக் கட்டிவிட்டு, கருப்பட்டி போட்ட நாளில் ஒரு கோடு மட்டும் போடச் சொன்னோம். நோட்டுக் கொடுத்து எழுதச் சொன்னால் இரண்டாம் நாளே நின்றுவிடும். காலண்டர் கண்ணில் படுகிற இடத்தில் இருப்பதால் நடந்தது, அதிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உள்ள வீடுகளில் கோடு தவறவே இல்லை.

வசதியைக் கணக்கிடுவதில் ஒரு உள்ளூர்ச் சங்கதி சொல்ல வேண்டும். இந்தியாவில் சந்தை ஆய்வுக்காரர்கள் பல வருஷமாகப் பயன்படுத்திய குடும்ப வகைப்பாட்டில் இரண்டே கேள்வி: வீட்டின் முக்கிய சம்பாத்தியக்காரர் எவ்வளவு படித்திருக்கிறார், 11 பொருட்களின் பட்டியலில் எத்தனை வீட்டில் இருக்கிறது. பட்டியலில் கலர் டிவி, காஸ் அடுப்பு, லேப்டாப் எல்லாம் உண்டு. தமிழ்நாட்டில் 2006-க்கு அப்புறம் கலர் டிவியும் காஸ் அடுப்பும் இலவசமாக வந்தன. 2011-லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் வந்தது. எங்கேயோ உட்கார்ந்து போட்ட பட்டியலை அப்படியே இங்கே டிக் அடித்தால், குடிசை வீடு ஒன்று சட்டென்று இரண்டு படி மேலே ஏறிவிடும். அதனால் 'இது வாங்கினதா, வந்ததா?' என்று கூடவே ஒரு கேள்வி வைத்துக்கொள்வேன். வாஷிங் மெஷினும் பிரிட்ஜும் எங்கள் பக்கம் ஓரளவு நம்பலாம்.

இனி, தெரிந்தும் சொல்லாத பதில்களுக்கு வருகிறேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான்.

வீட்டுக்கு வந்தவளுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, அவள் கொண்டுவந்த பொருளைக் குறை சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் மனது வராது. பாக்கெட்டைக் காட்டி எப்படி இருக்கிறது என்றால், "குத்தமில்ல" என்பார்கள். அந்தக் 'குத்தமில்ல'வை ஐந்துக்கு நாலு என்று மதிப்பெண் போட்டு அனுப்பினால் பொருள் சந்தையில் படுத்துவிடும். வாங்குவீர்களா என்றால், "வந்தா வாங்குவோம்". ஏன் இப்போது தூள் வாங்குவதில்லை என்று நேராகக் கேட்டால் எல்லாரும் சொன்னது விலை. விலையைக் குறைத்தால் வாங்குவார்களா என்றால் அதற்குத் தெளிவான பதில் இல்லை. இப்படி எல்லாரும் ஒரே காரணத்தைச் சொன்னால், உள்ளே வேறு ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

1950-ல் மேசன் ஹேர் என்ற அமெரிக்க உளவியல்காரர் செய்த ஒரு வேலை இதற்குக் கை கொடுத்தது. உடனடிக் காப்பித் தூள் ஏன் பிடிக்கவில்லை என்று பெண்களிடம் கேட்டால், ருசி இல்லை என்றார்கள். அவர் இரண்டு சாமான் சீட்டு தயார் செய்தார். ஒன்றில் நெஸ்கஃபே, மற்றதில் வழக்கமான காப்பிப் பொடி. மீதி எல்லாம் ஒன்று. ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு சீட்டைக் கொடுத்து, இதை எழுதிய பெண் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று கேட்டார். நெஸ்கஃபே சீட்டைப் பார்த்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், அவள் சோம்பேறி என்றார்கள். ருசிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது அதுதான்.

நாங்களும் இரண்டு சீட்டு எழுதினோம். துவரம் பருப்பு, உளுந்து, நல்லெண்ணெய், சீரகம், வத்தல், ஒன்றில் 'கருப்பட்டி 1/2', மற்றதில் 'கருப்பட்டித் தூள் 1 பாக்கெட்'. தூள் சீட்டைப் பார்த்து நான் எதிர்பார்த்தது வந்தது: "வேலைக்குப் போற பிள்ளையா இருக்கும்", "மாமியா இல்லாத வீடு". சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள், அவ்வளவு கோபம் இல்லை. ஆனால் டவுனில் ஒரு மைனி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாவம், ஏமாறப் போறா" என்றார். ஏன் என்றேன். "வட்டுன்னா ஒடச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்லா. உள்ள பளபளன்னு இருந்தா சீனி. தூளுன்னா எதைக் கலந்தாலும் எவளுக்குத் தெரியும்?" அதற்கப்புறம் வேறு வீடுகளிலும் சீட்டைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். இதே பேச்சு வெவ்வேறு வார்த்தைகளில் வந்துகொண்டே இருந்தது. நேராகக் கேட்டபோது ஏன் சொல்லவில்லை? கருப்பட்டி விற்கிறவரிடம் இருந்து வந்திருக்கிறவளிடம், உங்கள் சரக்கில் சீனி கலந்திருக்கும் என்று முகத்துக்கு நேரே யார் சொல்வார்கள்?

குழுவாக உட்கார வைத்துப் பேசுவதை இந்த வேலையில் ஒன்றிரண்டு இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். ராபர்ட் மெர்டன் என்ற அமெரிக்க சமூகவியல்காரர் 1940-களில் வகுத்துக் கொடுத்த முறையின் வழி வந்தது. விளம்பரக் கம்பெனிகளுக்கு உயிர். வார்த்தைகள் பொறுக்குவதற்கு நல்லது, ஜனங்கள் ஒரு பொருளை எப்படிப் பேசுகிறார்கள் என்று காது குளிரக் கேட்கலாம். எண்ணுவதற்கு உதவாது. எங்கள் பக்கம் யார் வீட்டுத் திண்ணையில் கூட்டம் என்பதே யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று தீர்மானித்துவிடும்; சாதி பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள், ஆனால் வராதவர்களைப் பார்த்தால் தெரியும். பள்ளிக்கூட வகுப்பறை மாதிரிப் பொது இடம் பார்க்க வேண்டும். மகளிர் குழுக் கூட்டத்தில் போய்ப் பேசினால் ஆள் சேர்க்கிற வேலை மிச்சம், ஆனால் குழுத் தலைவி சொன்னதை மற்றவர்கள் வழிமொழிவார்கள். மாமியாரையும் மருமகளையும் ஒரே குழுவில் வைப்பது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ருசிச் சோதனைக்கு அண்ணாச்சி ஆசைப்பட்டார். ஆனித் தேரோட்டத்தில் டவுன் ரத வீதியில் ஒரு ஸ்டால் போட்டு, கருப்பட்டிக் காப்பி ஊற்றிக் கொடுத்து மார்க் போடச் சொல்லலாம் என்றார். விளம்பரத்துக்குச் சரி. ஆய்வுக்கு வேண்டாம் என்றேன். அன்றைக்கு வருகிற கூட்டத்தில் பாதி வெளியூர். அந்த நெரிசலில் தொண்டை வறண்டு நிற்பவருக்கு எதைக் கொடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். கோகோ கோலா 1985-ல் சுமார் இரண்டு லட்சம் ருசிச் சோதனைகள் நடத்திவிட்டுப் பழைய கோலாவை நிறுத்திப் புதியதைக் கொண்டுவந்தது. 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு மடக்குக் குடித்துச் சொல்வது வேறு, பழகியதை விட்டுவிட்டு வாங்குவது வேறு.

ஆகவே பாக்கெட்டை வீட்டிலேயே கொடுத்து, ஒரு வாரம் பயன்படுத்தச் சொல்லிவிட்டு வந்தோம். எப்படிப் போட வேண்டும் என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. திரும்பப் போனபோது மகாராஜநகரில் ஒரு வீட்டில் பாக்கெட் மூலையில் கிடந்தது. "பால் திரிஞ்சு போச்சும்மா." என்ன செய்தீர்கள், இப்போது ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்றேன். பாலை அடுப்பில் வைத்தார். கொதி வரும்போதே சீனி போடுகிற மாதிரி இரண்டு ஸ்பூன் தூளை உள்ளே தட்டினார். இரண்டு நிமிஷத்தில் ஓரத்தில் திப்பி திப்பியாக ஒதுங்க ஆரம்பித்தது. வட்டுக் கருப்பட்டி வாங்குகிற வீட்டில் இது நடக்காது. அதைத் தண்ணீரில் இளக வைத்து, மண் போக வடிகட்டி, கடைசியில் ஆறின பாலோடு சேர்ப்பார்கள். தூளைப் பார்த்ததும் கை தானாகச் சீனிப் பழக்கத்துக்குப் போய்விடுகிறது. எங்கள் அடுப்பில் நாங்களே போட்டு, கப்பில் ஊற்றிக் கொடுத்திருந்தால் இது கடைசிவரை தெரிந்திருக்காது. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒன்றும் எழுத வேண்டாம், முன்பக்கமே 'அடுப்பை அணைத்த பிறகு போடவும்' என்று பெரிதாகப் போடுங்கள் என்று அன்றைக்கே அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

அந்த வாரம் முடிந்ததும் இன்னொரு சின்ன வேலை செய்தோம். 'பிடித்ததா' என்று கேட்காமல், "இன்னொரு பாக்கெட் தரட்டுமா, இல்ல ஐம்பது ரூபாய் வாங்கிக்கிடுதீங்களா?" என்று கேட்டோம். 'குத்தமில்ல' சொன்னவர்கள் பலர் ரூபாயை வாங்கிக்கொண்டார்கள். சங்கடப்படாமல் உண்மையைச் சொல்ல அது ஒரு வழி.

வாட்ஸப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்புவது பற்றி. அண்ணாச்சியின் மகன் கல்லூரியில் படிக்கிறான், நாங்கள் களத்தில் இருக்கும்போதே ஒரு ஃபார்ம் தயாரித்துக் குடும்ப குரூப், ஊர் குரூப், பழைய மாணவர் குரூப் எல்லாவற்றிலும் போட்டுவிட்டான். பதில் கொட்டியது. தூளா, கட்டாயம் வாங்குவோம், விலை பரவாயில்லை என்று ஏகப்பட்ட பேர். "நீங்க அலையறதுக்குள்ள என் பையன் முடிச்சுட்டான்" என்றார் அண்ணாச்சி, கொஞ்சம் பெருமையாக. 1936-ல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகை சுமார் ஒரு கோடி அட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்று சொன்னது. ஜெயித்தது ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46-ல். டெலிபோன் புத்தகத்திலும் கார் பதிவேட்டிலும் பேர் எடுத்ததால் வசதிக்காரர்கள்தான் அந்தப் பட்டியலில் அதிகம்; பதில் போட்டவர்களும் அவர்களில் ஒரு பகுதிதான். அதைவிடப் பல மடங்கு சின்ன மாதிரியை வைத்து ஜார்ஜ் காலப் என்ற கருத்துக்கணிப்புக்காரர் சரியாகச் சொன்னார்.

அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, ஃபார்மைத் தூக்கிப் போடவில்லை. பின்கோடு கேட்டிருந்தான் பையன், அது புத்திசாலித்தனம். பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி சென்னை, பெங்களூரு, துபாய். ஊரைவிட்டுப் போனவர்கள். உடைத்துப் பார்த்து வாங்க அவர்களுக்குக் கடை இல்லை, தெரிந்த ஊர்க்காரர் அனுப்புகிறார் என்பதே அவர்களுக்குப் போதுமான உத்தரவாதம். திருநெல்வேலியைப் பற்றி அந்த ஃபார்ம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அண்ணாச்சி நினைத்தே பார்த்திராத ஒரு சந்தையைக் காட்டியது.

கடைசியில் விற்றுப் பார்ப்பது. ஒரே மாதிரிக் கடைகளில் சிலவற்றில் மூடிய கவர், சிலவற்றில் உள்ளே தெரிகிற கவர். இரண்டு வாரம் கழித்து இடம் மாற்றி வைத்தோம். மாற்றி வைக்காவிட்டால், கூடுதலாக விற்றது கவராலா, அந்தக் கடை இருக்கிற தெருவாலா என்று சொல்ல முடியாது. நடுவில் விசேஷ நாள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூளோடு, நாங்கள் பேச்சுவாக்கில் சொன்ன இன்னொன்றையும் அண்ணாச்சி வைத்தார்: மெஷினில் பொடிக்காமல், வட்டை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துப் போட்ட கண்ணாடிக் கவர். உடைத்த முகம் வெளியே தெரியும்.

களப் பணியாளர்கள் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஒரு ஃபார்முக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அவர்களே நிரப்பிவிடுவார்கள். நாள் கூலியாகக் கொடுங்கள். பத்தில் ஒன்றை நாமே திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். பேட்டி நடந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது, ஃபார்மில் இருக்கிற ஒரு பதிலை மறுபடி கேட்டுப் பொருத்திப் பார்க்க வேண்டும். அப்புறம், வாங்கின போன் நம்பர்களைச் சரிபார்த்து முடித்ததும் அழித்துவிடுகிறோம். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம்; அந்த நம்பர்களுக்கு நாளைக்கு யாராவது லோன் வேண்டுமா என்று கூப்பிட்டால் அந்தத் தெருவில் நான் மறுபடி கால் வைக்க முடியாது என்பது இன்னொரு பக்கம்.

அண்ணாச்சி கடைசியில் மெஷினை வாங்கத்தான் செய்தார். தூள் முழுக்க வெளியூர் பார்சலுக்குப் போகிறது. உள்ளூர்க் கடைகளுக்கு உடைத்த கருப்பட்டி, கால் கிலோ. சடங்கு, பிரசவ வீடுகளுக்கு என்று இரண்டு கிலோ ஓலைப்பெட்டி ஒன்று போட்டிருக்கிறார். அது ஓடுமா என்று யாரிடம் கேட்பது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். நான் மண்டபத்துச் சமையல்காரர்களிடமும் பேறுகாலம் பார்க்கிற வீட்டுப் பெரியவர்களிடமும் தொடங்கலாம் என்கிறேன். அவர் பையன் இன்னொரு ஃபார்ம் தயாராக வைத்திருக்கிறான்.